ஆதாரம் அகப்படாமல் புராஜெக்ட் முடிப்பது எப்படி?

மலைக் கல்லூரி மாணவ மாணவியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை என்று முழு மனதோடு நம்புங்கள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அந்த நம்பிக்கை மட்டும் உறுதியாக இருந்தால், ஒரு நூலைக்கூடத் திறக்காமல் அறுபது பக்கம் எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மலர்க் கண்காட்சிக் கூட்டம் வருவதற்குள் தேர்வாளர் முன்னால் வைத்துவிடலாம்.

ஆனால் இந்த மலையில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. 1603-இல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபார் பக்கமிருந்து ஏறி வந்து, தோடர்களைப் பார்த்துவிட்டுப் போய் எழுதி வைத்தார். அன்று தொடங்கிய எழுத்து இன்னும் நிற்கவில்லை. பால் ஹாக்கிங்ஸ் என்ற மானிடவியலாளர் இந்த மலையைப் பற்றிய எழுத்துகளுக்கு 1978-இல் ஒரு நூற்பட்டியல் வெளியிட்டார். அது போதாமல் 1996-இல் இன்னொன்று போட்டார், 1603 முதல் அந்த ஆண்டு வரைக்கும். பட்டியல் மட்டுமே ஒரு புத்தகம். இப்படி நானூறு ஆண்டாக எழுதித் தள்ளிய ஒரு மாவட்டத்தில், மூன்று வருடம் படித்தும் ஓர் ஆதாரம்கூடக் கண்ணில் படாமல் வெளியே வருவதென்றால் அதற்குத் திட்டம் வேண்டும், பயிற்சி வேண்டும். அதைக் கற்றுத்தரவே இந்த வழிகாட்டி.

ஒவ்வொரு படியின் முடிவிலும் ‘எச்சரிக்கை’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் உள்ளதைத் தவறியும் செய்துவிடாதீர்கள். செய்தால் ஆதாரம் கிடைத்துவிடும்.

தேவையான பொருட்கள்

ஸ்வெட்டர் ஒன்று (நூலகத்துக்குள் வெளியைவிடக் குளிர் அதிகம்). சீனியரின் பழைய புராஜெக்ட் ஒன்று. முழு சார்ஜ் ஏற்றிய கைபேசி. மஞ்சூர், கோத்தகிரி, எமரால்டு பக்கம் போகும் பஸ்களின் நேரம். ஜெராக்ஸ் கடை அண்ணாவின் நல்லெண்ணம். நூலக அட்டை கட்டாயமில்லை. இருந்தால் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம், போட்டோ நன்றாக வந்திருக்கும் பட்சத்தில்.

படி 1: தலைப்பை அகலமாக வையுங்கள்

‘நீலகிரிப் பழங்குடிகள் – ஓர் ஆய்வு’ என்பது உத்தமமான தலைப்பு. தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்தவை என்று அரசு பட்டியலிட்டிருக்கும் பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு மக்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அறுபது பக்கத்தை ஆறால் வகுத்தால் ஆளுக்குப் பத்துப் பக்கம். அதில் உடை ஒரு பக்கம், உணவு ஒரு பக்கம், திருமணம் ஒரு பக்கம், கலர் போட்டோ இரண்டு பக்கம் என்று போய்விட்டால் மீதி தானாக நிரம்பும். இவ்வளவு அகலமான தலைப்புக்கு எந்த ஒரு நூலும் குறிப்பாகத் தேவைப்படாது. அதுதான் அதன் அழகு.

எச்சரிக்கை: தலைப்பைக் குறுக்காதீர்கள். ‘மலை ரயில் வந்த பிறகு ஊட்டிச் சந்தை’ என்று வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள், உடனே ஆண்டு கேட்கும். ரயில் குன்னூருக்கு வந்தது 1899, ஊட்டிக்கு வந்தது 1908. ஆண்டு தெரிந்ததும் ‘அந்தச் சமயத்தில் யார் என்ன எழுதினார்கள்?’ என்று மனம் அலைபாயும். அலைந்தால், அதே 1908-இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி மாவட்ட கெசட்டியரும், அரசுப் பதிவேடுகளைப் புரட்டி சர் பிரெடரிக் பிரைஸ் எழுதிய ஊட்டி வரலாறும் வந்திருப்பது தெரிந்துவிடும். பிறகு நிம்மதி போச்சு.

படி 2: நூலகரிடம் வாய் திறக்காதீர்கள்

நூலகத்துக்குப் போக உகந்த நேரம் மாலை மூன்றே முக்கால். நான்கு மணிக்கு மேல் பஸ் நிலையத்தில் இடம் பிடிக்க ஓட வேண்டியிருக்கும் என்பதால் யாரும் உங்களைத் தடுக்கமாட்டார்கள். உள்ளே போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். நாளிதழ் மேசையில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ‘படுகர் பத்தி புக் இருக்கா?’ என்று பக்கத்தில் நிற்கும் நண்பனைக் கேளுங்கள். அவன் ‘இல்லடா’ என்பான். இலக்கியத் தேடல் முடிந்தது. ஆய்வறிக்கையில் இதை ‘கல்லூரி நூலகத்தில் விரிவாகத் தேடியும் போதிய நூல்கள் கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும்.

எச்சரிக்கை: நூலகரிடம் கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார், திருப்பிக் கேள்வி கேட்பார். படுகரைப் பற்றி என்ன வேண்டும், மொழியா, விவசாயமா, சடங்கா? எந்தக் காலம்? இதுவரை என்ன படித்தாய்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் யோசிப்பதற்குள் உங்கள் தலைப்பு தானாகக் குறுகிவிடும் (படி 1 பார்க்க). நூலகர்கள் இப்படி ஆனதற்குச் சீர்காழிக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. கணக்கு வாத்தியாராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் முதல் விதியே, நூல் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது. அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐத்தான் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு மட்டும் பொக்கே கொடுத்துவிட்டு மற்ற நாட்களில் விலகியே இருங்கள்.

குறிப்பாக, அந்தப் பூட்டிய கண்ணாடி பீரோவின் சாவியைக் கேட்டுவிடாதீர்கள். ‘ரெஃபரன்ஸ் – வெளியே எடுத்துச் செல்ல அனுமதியில்லை’ என்று ஒட்டியிருக்கும். மலைக் காற்றின் ஈரத்துக்குப் பயந்து உள்ளே அந்துருண்டை போட்டிருப்பார்கள். திறந்தால் தும்மல் வரும். தும்மலோடு பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை வந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் வரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வரும். விதி உங்கள் பக்கம் இல்லையென்றால் ஹாக்கிங்ஸ் பதிப்பித்து 2012-இல் வந்த இரண்டு தொகுதி நீலகிரிக் கலைக்களஞ்சியமும் வரும். அதில் ஒரு கட்டுரையைப் படித்தால் போதும், கடைசியில் இன்னும் எதையெல்லாம் படிக்கலாம் என்று பட்டியல் இருக்கும். ஒன்றைத் தொட்டால் பத்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

படி 3: ஒரே அலமாரியில் தேடுங்கள்

நீலகிரி என்பது ஊர். ஊர் என்றால் வரலாறு. ஆகவே வரலாற்று அலமாரிக்கு முன்னால் நின்று, கண் உயரத்தில் உள்ள தட்டை மட்டும் இடமிருந்து வலமாகப் பாருங்கள். குனிய வேண்டாம், குளிரில் முட்டி பிடிக்கும். இரண்டாம் உலகப் போர், பிரெஞ்சுப் புரட்சி, டிஎன்பிஎஸ்சி கைடு ஆகியவை தென்படும். நீலகிரி தென்படாது. திரும்பிவிடலாம்.

எச்சரிக்கை: முதுகில் ஒட்டிய எண்களைக் கவனிக்காதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அது டூயி தசம முறை. ஒரு மாவட்டத்தை அந்த முறை நூலகம் முழுக்கச் சிதறடித்து வைத்திருக்கும். கெசட்டியரும் வரலாறும் 954.82-இல் இருந்தால், தோடர் சமூகத்தைப் பற்றியது 305.8-இல் இருக்கும். ஹாக்கிங்ஸும் கிறிஸ்டியான் பிலோ-ரைஷூரும் சேர்ந்து 1992-இல் கொண்டுவந்த படுக–ஆங்கில அகராதி, திராவிட மொழிகளோடு 494.8-இல் போய் உட்காரும். தேயிலை விவசாயம் 633.72. பி.எஃப். ஃபைசன் மலை உச்சிச் செடிகளைப் பற்றி எழுதியது தாவரவியலில், 581.9 பக்கம். படுகர் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘குறிஞ்சித்தேன்’ தமிழ் இலக்கியத்தில், 894.811-இல். நாவல்தானே என்று அதைப் பிரித்தால் இன்னும் ஆபத்து. அதில் வருகிற சடங்கு உண்மையா என்று சரிபார்க்கத் தோன்றி, படுகர் சமூக வரலாற்றைப் பற்றி ஹாக்கிங்ஸ் 1980-இல் எழுதிய நூலைத் தேடப் போய்விடுவீர்கள்.

இந்த எண்களை எல்லாம் கால்வலி இல்லாமல் ஒரே இடத்தில் காட்டும் சூழ்ச்சிக்கு ஓபேக் என்று பெயர். மூலையில் போர்வை போர்த்தி வைத்திருக்கும் கணினி அதுதான். போர்வையை எடுக்காதீர்கள்.

படி 4: முதலில் கண்ணில் பட்டதை அப்படியே எழுதுங்கள்

‘ஸ்னூக்கர் ஊட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று தேடினால் நொடியில் ஆயிரம் பக்கம் வரும். ஆயிரம் பேர் சொன்னால் ஆயிரம் ஆதாரம். கண்டுபிடித்தவர் பெயர் நெவில் சேம்பர்லின் என்று இருக்கும். அந்தப் பெயரைப் போட்டுப் படம் தேடினால், இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஹிட்லரிடம் போய்ப் பேசிவிட்டு வந்த பிரிட்டிஷ் பிரதமர் கையில் குடையோடு நிற்பார். அவரையே ஒட்டிவிடுங்கள். ஆள் மிடுக்காக இருக்கிறார், யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

எச்சரிக்கை: அந்த ஆயிரம் பேரும் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று பின்னால் போகாதீர்கள். போனால், இந்தச் சேம்பர்லின் வேறு ஆள், ராணுவ அதிகாரி என்று தெரியும். 1875-இல் ஜபல்பூர் ராணுவ உணவகத்தில் அவர் இந்த ஆட்டத்தை உருவாக்கினார், பிறகு 1882 வாக்கில் ஊட்டி கிளப்பில் விதிகள் அமைந்தன என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கதைக்கு அடிப்படை எது? 1938-இல் ‘தி ஃபீல்ட்’ என்ற இங்கிலாந்துப் பத்திரிகைக்கு அவரே எழுதிய கடிதம். அப்போது அவருக்கு வயது 82. அதாவது, ஆட்டம் பிறந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, வேறு இடத்தில்தான் பிறந்தது என்று சிலர் சொல்லக் கேட்டு, ஒரு முதியவர் தன் நினைவிலிருந்து எழுதியது. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆயிரம் ஆதாரம் என்று நினைத்தது, நூல் பிடித்துக்கொண்டே போனால் ஒரே ஒரு கடிதத்தில் போய் முடிகிறது.

‘யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும்?’ என்ற மூன்று கேள்விகளையும் ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால், பிறகு வாட்ஸ்அப்பில் வருவதைக்கூட நிம்மதியாக ஃபார்வேர்டு செய்ய முடியாது. வாழ்நாள் முழுக்க அவதி.

படி 5: அட்டை கிழிந்திருந்தால் அது உண்மை

தவறிப்போய்ப் பழைய நூல் ஒன்று கையில் சிக்கிவிட்டால் கலங்க வேண்டாம். பழசு எல்லாம் உண்மை என்ற கொள்கையைக் கடைப்பிடியுங்கள். வெள்ளைக்காரர், அதுவும் தொப்பி போட்டவர், அதுவும் நூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது என்றால் கேள்வியே கிடையாது. ஆண்டையும் பெயரையும் போட்டு அப்படியே மொழிபெயர்த்து வையுங்கள்.

எச்சரிக்கை: முன்னுரையைப் படிக்காதீர்கள். ஆசிரியர் இங்கே எவ்வளவு காலம் இருந்தார், யாரிடம் கேட்டார், எந்த மொழியில் கேட்டார் என்பதெல்லாம் அங்கேதான் உளறிவைத்திருப்பார். 1873-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் இந்த மலை மக்களைப் பற்றி இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் பழங்குடிகளையும் பழங்காலச் சின்னங்களையும் பற்றித் தொகுத்தது. அவர் இறந்த பிறகு வெளிவந்தது. இன்னொன்று வில்லியம் மார்ஷல் எழுதியது. இவர் மண்டை ஓட்டின் மேடு பள்ளத்தைத் தடவிக் குணத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிய கபாலவியல்காரர். தோடர்களின் தலையை ஆராய்ந்து நூல் எழுதினார். இரண்டுக்கும் வயது ஒன்று, அட்டையும் ஒரே மாதிரி கிழிந்திருக்கும். எடை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, முன்னுரையைப் படித்தால் தெரிந்துவிடும்.

நல்ல நூலிலும் இந்த வம்பு உண்டு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901–02-இல் இங்கே வந்து தங்கி ஆராய்ந்து 1906-இல் வெளியிட்ட தோடர் நூல் மானிடவியலில் பெரிய பெயர் பெற்றது. வீடு வீடாக வம்சாவளி கேட்டு எழுதிய உழைப்பு அது. மேலே சொன்ன ஃபெனிசியோவின் குறிப்பின் மொழிபெயர்ப்பும் அதன் பின்னிணைப்பில் இருக்கிறது. ஆனால் ரிவர்ஸுக்குத் தோடர் மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வழியாகவே கேட்டார். அந்த மொழியைக் கற்று, பாடல்களை அவர்கள் வாயிலிருந்தே எழுதியெடுத்தவர் எம்.பி. எமனோ. அவர் இங்கே களத்தில் இருந்தது 1930-களின் நடுவில். தோடர் பாடல்கள் நூலாக அச்சாகி வந்தது 1971-இல். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வேலையை இழுத்தடித்திருக்கிறார். உங்கள் துறையில் இப்படி இழுத்தால் ஹால் டிக்கெட் கிடைக்காது. 1986-இல் அந்தோணி வாக்கர் வந்து தோடர்களை மறுபடியும் புதிதாகப் பார்த்து ஒரு நூல் எழுதினார். ஒருவர் எழுதியதை அடுத்தவர் சரிபார்ப்பதும் திருத்துவதும் இந்த ஆட்களுக்கு வழக்கமாகவே இருந்திருக்கிறது. ஒரே ஒருவரை மட்டும் படித்துவிட்டு ஓடிவிடுவதே நமக்குப் பாதுகாப்பு.

படி 6: இன்றைய பெயரிலேயே தேடுங்கள்

‘உதகமண்டலம்’ என்று தட்டுங்கள். இருநூறு ஆண்டுக்கு முன்னால் எழுதியவர்களும் உங்கள் எழுத்துக்கூட்டைத்தான் பின்பற்றியிருப்பார்கள் என்று நம்புங்கள். ஒன்றும் வராது.

எச்சரிக்கை: அந்தக் கால ஆங்கில ஆவணங்களில் இந்த மலை நீல்கெரி, நீலகெரி, நீலகிரிஸ் என்று பல எழுத்துக்கூட்டில் கிடக்கிறது. படுகர் சில இடங்களில் ‘பர்கர்’ ஆகியிருக்கிறார்கள். அதைத் தட்டினால் ஹோட்டல் மெனுவும் இலங்கைப் பறங்கியரும் நடுவில் வருவார்கள், அவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நம் ஆட்கள் கிடைத்துவிடுவார்கள்.

இதைவிட மோசமான பொறி மாவட்ட எல்லை. நீலகிரி தனி நிர்வாகமாகப் பிரிந்தது 1868-இல். அதற்கு முன்னால் அது கோயம்புத்தூரோடு இருந்தது. நடுவில் 1830 முதல் 1843 வரை பெரும்பகுதி மலபாரிடம் போய்விட்டு வந்தது. கூடலூர் பக்கம் 1877 வரை மலபாரின் வயநாட்டில் இருந்தது. ஆகவே சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் ‘நீலகிரி’ என்ற கட்டை மட்டும் கேட்டால் வெறுங்கையோடு ஊர் திரும்பலாம். ‘கோயம்புத்தூர், மலபார் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும்’ என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

படி 7: இயந்திரத்திடம் கேளுங்கள்

செயற்கை நுண்ணறிவிடம் ‘நீலகிரி தேயிலைத் தொழிலாளர் பற்றிப் பத்து ஆய்வு நூல்கள்’ என்று கேட்டால் கணத்தில் கொடுக்கும். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அதில் சில நூல்கள் உலகத்தில் இருக்காது. இல்லாத நூலை யாராலும் எடுத்துச் சரிபார்க்க முடியாது என்பது இந்த முறையின் தனிச் சிறப்பு. அடுத்து, அந்த ஆய்வை ‘மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் இலவசம்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் ஆய்விதழ் ஒன்றுக்குப் பணம் கட்டி அனுப்பிவிட்டால், அடுத்த ஆண்டு ஜூனியர் ஒருவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார். பரம்பரை இப்படித்தான் வளர வேண்டும்.

எச்சரிக்கை: இணையத்தின் நல்ல வாசல்களை மட்டும் திறந்துவிடாதீர்கள். ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுதாகவே கிடைக்கும். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே ஒருவர் ஐந்து வருடம் பாடுபட்டிருப்பதைப் பார்த்தால் மனம் உடைந்துவிடும். அதைவிட மோசம், அவர் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் படிக்க வேண்டியவற்றை எல்லாம் வரிசைப்படுத்தி விமர்சனமும் எழுதி வைத்திருப்பார். பிரான்சிஸ், ரிவர்ஸ், பிரீக்ஸ் போன்ற காப்புரிமை முடிந்த நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக இருக்கின்றன. கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். காசு கட்டிப் படிக்கும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்து, அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. நுழைவதற்கான விவரம் நூலகத்தில் இருக்கும். நூலகரிடம் கேட்க வேண்டும் என்பதால் (படி 2 பார்க்க) நீங்கள் தப்பித்தீர்கள்.

படி 8: கல்லூரி வாசலைத் தாண்டாதீர்கள்

மழை, மூடுபனி, மண்சரிவு, குன்னூர் பக்கம் ரோட்டில் நிற்கும் காட்டுமாடு என்று வெளியே போகாமல் இருக்க இயற்கையே ஆயிரம் காரணம் தருகிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவைச் சுற்றித்தான் இன்றைய ஊட்டி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒருவர் சல்லிவனைப் பற்றி ஒரு சுற்றுலா ஏஜென்ஸியின் இணையப் பக்கத்திலிருந்து எழுத முடியுமானால், அதுவே இந்தக் கலையின் உச்சம்.

எச்சரிக்கை: கீழ்க்கண்ட இடங்கள் பஸ் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்ளவும்.

ஊட்டி நகருக்குள் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம். செங்கல் கட்டடம், வரைந்தவர் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய ராபர்ட் சிஸ்ஹோம். உறுப்பினர்களுக்கான நூலகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போக வேண்டும். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கும் வேலை இருக்கிறது, அதையே சாக்காக வைத்துப் போகாமல் இருந்துவிடலாம்.

முத்தோரை பாலடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம், அருங்காட்சியகத்தோடு. அந்தப் பக்கம் போனால் மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியும் தெரியும், இயற்பியல் மாணவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவும்.

கோத்தகிரியில் நீலகிரி ஆவண மையம். பக்கத்திலேயே கன்னேரிமுக்கில் சல்லிவன் நினைவகம்.

குன்னூரில் கிளென்வியூ. 1893-இல் தொடங்கிய தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசி அங்கே இருக்கிறது. தேயிலையின் விலையும் நோயும் உரமும் பற்றி அவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கிறார்கள். அதே குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். மனையியல் மாணவிகள் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைத் தவறாமல் மேற்கோள் காட்டுவார்கள். அந்த நிறுவனமே 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சிதான், ஹைதராபாத்துக்குப் போனது 1950-களின் கடைசியில். இது தெரிந்தால் மேற்கோளை அடித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டிவரும், தெரியாமலே இருப்பது சௌகரியம்.

எல்லாவற்றையும்விட அபாயகரமான இடம் உங்கள் வீடு. நீங்கள் ஹட்டியிலிருந்து வருகிறவர் என்றால், பாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் திண்ணைப் பக்கம் நோட்டோடு போகாதீர்கள். எஸ்டேட் லயனிலிருந்தோ டான்டீ குடியிருப்பிலிருந்தோ வருகிறவர் என்றால், தாத்தாவின் இரும்புப் பெட்டியைத் திறக்காதீர்கள். 1964-இன் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பமாக இருந்தால், அந்தப் பெட்டியில் பாஸ்போர்ட்டும் மடித்த காகிதங்களும் இருக்கலாம். அதுதான் முதல்நிலை ஆதாரம் என்று உங்கள் ஆய்வு முறையியல் பாடத்தில் படித்திருப்பீர்கள், பரீட்சைக்கு. தாத்தா பேசினால் அவர் பெயர், ஊர், பேசிய தேதி ஆகியவற்றைக் குறித்து, அவர் சம்மதத்தோடு பதிவு செய்தால் அது நாளைக்கு வேறொருவர் தேடி வருகிற ஆதாரமாகிவிடும். ரிவர்ஸ் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி வந்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்டது இதைத்தான். உங்களுக்குக் கப்பலும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம் என்பதே உங்கள் பலவீனம்.

படி 9: நூற்பட்டியலைக் கடைசி ராத்திரி போடுங்கள்

சீனியரின் புராஜெக்டிலிருந்து நூற்பட்டியலை அப்படியே எடுத்து வையுங்கள். அவர் தன் சீனியரிடமிருந்து எடுத்தது, ஆகவே தரம் காலத்தால் நிரூபணமானது. ஒரே ஓர் எச்சரிக்கை: நன்றியுரையையும் சேர்த்து எடுத்துவிட்டால், வேறொருவரின் தந்தைக்கும் வருங்கால மாமியாருக்கும் நீங்கள் நன்றி சொல்ல நேரிடும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: ‘சல்லிவன் ஏக்கர் ஒரு ரூபாய்க்குத் தோடர்களிடம் நிலம் வாங்கினார்’ என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. போடலாமா?

பதில்: தாராளமாக. எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று மட்டும் தேடாதீர்கள். தேட ஆரம்பித்தால் பிரைஸின் நூல், அதற்குப் பின்னால் கோயம்புத்தூர்ப் பதிவேடு என்று இழுத்துக்கொண்டே போகும். அந்த நிலத்தை விற்க யாருக்கு உரிமை இருந்தது என்ற கேள்விவரை போய்விடும்.

கேள்வி: விக்கிபீடியாவை ஆதாரமாகக் காட்டலாமா?

பதில்: காட்டலாம். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்புகளுக்கு மட்டும் போகாதீர்கள். அங்கே அசல் நூல்களின் பெயர் இருக்கிறது.

கேள்வி: வாய்மொழித் தேர்வில் ‘இந்த நூலைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டால்?

பதில்: ‘பார்த்தேன் சார்’ என்று சொல்லுங்கள். அட்டையைப் பார்த்ததும் பார்த்ததுதான். ‘என்ன நிறம்?’ என்று கேட்கும் தேர்வாளர்கள் அபூர்வம்.

கேள்வி: ஒன்பது படிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தும், தவறிப்போய் ஒரு நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: பதற வேண்டாம். நூலாசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண், அலமாரி எண் எல்லாவற்றையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்காது. அதன் நூற்பட்டியலில் இருந்து இன்னும் இரண்டு நூல்களின் பெயரைக் குறியுங்கள். மறுநாள் காலையிலேயே, நூலகம் திறந்தவுடன் போய்விடுங்கள், மூன்றே முக்காலுக்கு அல்ல. பிறகு அதை உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் ‘இது எங்கே கிடைத்தது?’ என்று வாங்கிக்கொண்டு போனால், திருப்பி வாங்கும் முறையைப் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி எழுத வேண்டியிருக்கும்.